நிஜ மரம் போலவே தெரியும் செயற்கை கிறிஸ்துமஸ் மரம்: வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

வீட்டுக்கு முதன்முறையாக ஒரு நல்ல செயற்கை கிறிஸ்துமஸ் மரம் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை கடையாக ஏறி இறங்கியபோதும், இணையத்தில் இரவெல்லாம் தேடியபோதும் எனக்குக் கிடைத்த தகவல் இரண்டே இரண்டுதான்: உயரம், விலை. "ஆறு அடி, நல்லா அடர்த்தியா இருக்கும்" என்பார்கள். என்ன பிளாஸ்டிக், எத்தனை நுனி (கிளையிலிருந்து பிரியும் இலைக்குச்சி), கிளை எப்படி மாட்டியிருக்கிறது, சரியில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். நீங்களும் அதே அலைச்சல் பட வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் சவுக்குக் கிளையை வெட்டி வந்து, வாளியில் மணல் போட்டு நட்டு ஜோடிப்பார்கள். கிடைத்தால் இன்றைக்கும் அதுவே அழகு. ஆனால் அடுக்குமாடி வீட்டில், கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்தின் தொடக்கத்திலிருந்து ஜனவரி வரை வைக்க வேண்டும் என்றால் வெட்டிய கிளை தாங்காது. ஒரு வாரத்தில் காய்ந்து உதிர ஆரம்பித்துவிடும். செயற்கை மரம்தான் வழி. அது தூரத்திலிருந்தே பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுக்காமல் இருக்க வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: காசை உயரத்தில் போடாதீர்கள், நுனியில் போடுங்கள். சுமாரான ஏழு அடி மரத்தைவிட நல்ல ஐந்து அடி மரம் பத்து மடங்கு நிஜமாக இருக்கும்.

1. மரத்தைப் பார்க்கும் முன் அறையை அளந்துவிடுங்கள்

நம் வீடுகளில் தளத்தின் உயரம் பெரும்பாலும் ஒன்பதரை, பத்து அடி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "எட்டு அடி மரமே வைக்கலாமே" என்று தோன்றும். வைக்க முடியாது, நடுவில் ஃபேன் இருக்கிறது. சாதாரண சீலிங் ஃபேனின் சுற்று 48 அங்குலம். அதாவது ஃபேனின் நடுப்புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு அடிக்கு இறக்கை சுற்றும். இறக்கை தரையிலிருந்து எட்டு அடி உயரத்தில் இருந்தாலும், மரத்தின் உச்சியில் வைக்கும் ஸ்டார் அதற்கு மிக அருகில் வந்துவிடும். டிசம்பரிலும் சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஃபேன் போடாமல் இருக்க முடியாது. விருந்தாளிகள் வந்ததும் முதலில் தேடுவதே ஃபேன் சுவிட்சைத்தான்.

ஆகவே இறக்கை சுற்றும் வட்டத்தை விட்டு மரத்தின் வெளிக்கிளை ஒரு அடியாவது தள்ளி நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் காற்றில் நுனிகள் ஆடிக்கொண்டே இருக்கும், தொங்கும் பந்துகள் ஒன்றோடொன்று மோதும், ஜிகினா பறந்து இறக்கையில் சிக்கும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு. கூரை அல்லது ஃபால்ஸ் சீலிங்கின் உயரத்தை அளந்து, அதிலிருந்து உச்சி ஸ்டாருக்கு ஒரு அடி, மூச்சுவிட ஒரு அடி கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது அதிகபட்ச உயரம். அவ்வளவு உயரம் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு படுக்கையறை வீட்டின் ஹாலுக்கு ஐந்து அல்லது ஆறு அடி தாராளம்.

பலரும் விட்டுவிடுவது அகலத்தை. வழக்கமான ஆறு அடி மரம் அடியில் மூன்றரை முதல் நான்கு அடி வரை விரியும். பக்கத்தில் இயேசு பிறப்புக் குடிலும் வைக்க வேண்டும், பரிசுகளும் வைக்க வேண்டும், சோபாவுக்கும் வழி வேண்டும். தரையில் சாக்பீஸால் அந்த அளவுக்கு வட்டம் போட்டு, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். இடைஞ்சலாக இருந்தால் 'ஸ்லிம்' வகையைப் பாருங்கள். ஆறு அடி உயரத்துக்கு இரண்டரை அடி அகலம்தான் வரும். 'பென்சில்' என்று விற்பது அதைவிட ஒல்லி. இடம் மிச்சமாகும், ஆனால் நிஜ மரத்தின் வடிவம் அதில் வராது. என்னைக் கேட்டால், மூலையில் வைப்பதானாலும் ஸ்லிம்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இணையத்தில் உயரம் சென்டிமீட்டரில் இருக்கும். 150 என்றால் ஐந்து அடி, 180 என்றால் ஆறு, 210 என்றால் ஏழு. இந்த அளவில் ஸ்டாண்டும் சேர்ந்திருக்கும், உச்சிக் கம்பியின் கடைசி நுனியும் சேர்ந்திருக்கும். பார்வைக்கு மரம் அரை அடி குறைவாகத்தான் தெரியும்.

2. பி.வி.சி.யா, பி.இ.யா?

மரம் நிஜமாகத் தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

பி.வி.சி. நுனி என்பது மெல்லிய பச்சை பிளாஸ்டிக் தாளை நாடாவாக வெட்டி, ஓரத்தைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வைத்து முறுக்கியது. பிறந்தநாள் வீட்டில் கட்டும் ஜிகினாத் தோரணம் எப்படி இருக்குமோ அதே அமைப்புதான், நிறம் மட்டும் பச்சை. இலை தட்டையாக இருக்கும், ஒரே நிறமாக இருக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்கும். மலிவு, எடை குறைவு.

பி.இ. என்பது பாலிஎத்திலீன். இதை உருக்கி அச்சில் ஊற்றி வார்க்கிறார்கள். நல்ல தயாரிப்புகளில் அந்த அச்சே ஃபர், ஸ்ப்ரூஸ் போன்ற உண்மையான ஊசியிலை மரத்தின் கிளையைப் பார்த்து எடுத்தது. அதனால் ஒவ்வொரு ஊசியிலைக்கும் கனம் உண்டு, நடுவில் குச்சி தெரியும், இலை பிறக்கும் இடத்தில் சின்ன முடிச்சுகூட இருக்கும். கையில் பிடித்தால் கொஞ்சம் மெத்தென்று, மெழுகுத்தன்மையோடு இருக்கும். விளம்பரங்களில் 'ரியல் டச்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

முழுக்க பி.இ. மரம் விலை எகிறும். அதுமட்டுமல்ல, உள்ளே தண்டைச் சுற்றி இடைவெளி தெரியவும் செய்யும். அதனால் பெரும்பாலான நல்ல மரங்கள் கலப்புதான்: கண்ணுக்குத் தெரியும் வெளிநுனிகள் பி.இ., தண்டை மறைக்கும் உள்பகுதி பி.வி.சி. நம் வீட்டுக்கு இது போதும். ஆனால் 'பி.இ. கலந்தது' என்று பெட்டியில் இருந்தாலே நம்பிவிடாதீர்கள். ஐம்பது நுனி சேர்த்தாலும் கலப்புதான். எத்தனை நுனி பி.இ., எத்தனை பி.வி.சி. என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றில் ஒரு பங்காவது பி.இ. இருந்தால்தான் முன்னால் நிற்பவரின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும்.

கடையில் கையால் சோதிப்பது எளிது. ஒரு நுனியைப் பிடித்து ஊசியிலையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். உருளாமல் தட்டையாக மடங்கினால் பி.வி.சி. அப்புறம் கிளையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை மெல்ல உருவுங்கள். உள்ளங்கையில் பச்சைத் துணுக்குகள் உதிர்ந்து நின்றால் அந்த மரம் வேண்டாம். கடையிலேயே கொட்டுவது வீட்டில் வருஷா வருஷம் கொட்டும். கடைசியாக நுனியை மேலும் கீழும் சிலமுறை வளையுங்கள். வளைத்த இடத்தில் நிற்க வேண்டும். திரும்பத் தொங்கினால் உள்ளே கம்பி மெலிசு, பந்து மாட்டினால் தாங்காது.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. பி.வி.சி.யில் நிலைப்புக்காக ஈயச் சேர்மங்களைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. பழைய மரம், பெயரில்லாத மரம் என்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. 'ஈயம் இல்லாதது' என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எந்த மரமானாலும் விரித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். பெட்டியைத் திறந்ததும் நெடி அடித்தால் ஒரு நாள் பால்கனியில், மழை படாத இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் உள்ளே கொண்டுவாருங்கள்.

3. நுனி எண்ணிக்கையைவிட எடை உண்மை பேசும்

விவரத்தில் நுனிகளின் எண்ணிக்கை போட்டிருப்பார்கள். ஆறு அடி மரத்துக்கு 500 என்றால் சுவர் தெரியும். 800 சுமார். ஆயிரத்துக்கு மேல் போனால் அடர்த்தி வரும். ஆனால் இந்த எண்ணை வைத்து இரண்டு மரங்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. பி.இ. நுனி ஒன்று பல சிறுகிளைகளாகப் பிரிந்து இடத்தை அடைக்கும். பி.வி.சி. நுனி ஒற்றைக் கீற்று. அதனால் ஒரே உயரத்தில், 800 நுனி உள்ள கலப்பு மரம் 1,200 நுனி உள்ள வெறும் பி.வி.சி. மரத்தைவிட நிறைவாகத் தெரியலாம்.

இதைவிட நம்பகமானது எடை. எத்தனை பிளாஸ்டிக், எத்தனை இரும்பு உள்ளே போயிருக்கிறது என்பதை எடை காட்டிவிடும். இரண்டு மூன்று கிலோ உள்ள ஆறு அடி மரம் எந்தப் புகைப்படத்தில் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிந்தாலும் நேரில் மெலிந்துதான் இருக்கும். உருப்படியான கலப்பு மரம் அதே உயரத்துக்கு ஆறு, ஏழு கிலோவுக்கு மேல் இருக்கும். இணையப் பக்கத்தில் எடையைத் தேடிப் பாருங்கள். எடையே போடவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள்.

புகைப்படம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விற்பவர் போடும் படம் பல நேரம் கணினியில் வரைந்தது, அல்லது ஆட்களை வைத்து மணிக்கணக்காக விரித்து எடுத்தது. வாங்கியவர்கள் போட்ட படங்களுக்குப் போங்கள். அதிலும் அலங்காரம் எதுவும் இல்லாமல், வெற்று மரமாக எடுத்த படத்தைத் தேடுங்கள். நடுத்தண்டு எவ்வளவு தெரிகிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். பந்தும் ரிப்பனும் மாட்டிவிட்டால் எல்லா மரமும் நன்றாகத்தான் இருக்கும்.

4. கிளை, தண்டு, ஸ்டாண்டு

கிளை மாட்டும் விதம் இரண்டு. ஒன்றில் ஒவ்வொரு கிளையையும் எடுத்து, அதன் நிற அடையாளம் பார்த்து, தண்டின் கொக்கியில் மாட்ட வேண்டும். இன்னொன்றில் கிளைகள் தண்டோடு கீல் வைத்து இணைந்தே வரும், நிறுத்தியதும் தானாகவே கீழே விழுந்து விரியும். கீல் வைத்ததையே வாங்குங்கள். பெட்டி கொஞ்சம் பெரிதாக இருக்கும், விலையும் கூடும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஒரு சாயங்காலம் மிச்சம்.

கடலோர ஊர்க்காரர்கள் கீலைக் குனிந்து பாருங்கள். சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் காற்றில் மலிவான இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். வெறும் கம்பியாகப் பளபளத்தால் துரு நிச்சயம். பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் கெட்டியான பூச்சு இருக்க வேண்டும். தண்டின் நிறமும் முக்கியம். பச்சைக் குழாயைவிடப் பழுப்பு நிறம் நிஜமாகத் தெரியும், கிளை இடைவெளியில் தெரிந்தாலும் உறுத்தாது.

ஸ்டாண்டு இரும்பு நான்கு கால் இருக்கட்டும். நான்கு அடிக்கு மேல் பிளாஸ்டிக் ஸ்டாண்டு வேண்டாம். மொசைக், டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்கக் காலுக்கு ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு இணையத்தில் வந்த பெட்டியில் தண்டை இறுக்கும் திருகு இல்லை. விற்பவரிடமிருந்து பதிலும் இல்லை. கடைசியில் பக்கத்து ஹார்டுவேர் கடையில் தண்டையே காட்டி அளவு பார்த்து வாங்க வேண்டியதாயிற்று. பெட்டியைப் பிரித்ததும் முதலில் திருகுகளை எண்ணுங்கள்.

5. எந்த மரத்தின் சாயல்?

பெட்டியில் நார்ட்மன் ஃபர், ஃப்ரேசர் ஃபர், நார்வே ஸ்ப்ரூஸ் என்று பெயர்கள் இருக்கும். பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆனால் நிஜத்தில் அவை எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் கண் ஏமாறாது. ஃபர் வகையின் ஊசியிலை தட்டையானது, அடிப்பக்கம் இரண்டு வெளிர்க்கோடுகள் ஓடும். அதனால் நல்ல ஃபர் நகலில் இலையின் மேற்புறமும் அடிப்புறமும் ஒரே பச்சையாக இருக்காது. ஸ்ப்ரூஸின் இலை நாற்கோணமானது, குச்சியைச் சுற்றி எல்லாப் பக்கமும் முளைக்கும்.

நிறத்தில் பார்க்க வேண்டியது கலவை. உள்ளே அடர்பச்சை, நுனியில் சற்று இளம்பச்சை, குச்சியில் பழுப்பு என்று இரண்டு மூன்று நிறம் கலந்திருந்தால் நல்லது. ஒரே பச்சை என்றால் பிளாஸ்டிக் என்று கத்தும்.

பனி பூசிய மரம் பார்க்க அள்ளிக்கொண்டு போகும். நம் ஊருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்த வெள்ளைப் பூச்சு ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், வருஷம் ஆக ஆக மஞ்சளாகும், பரணிலிருந்து இறக்கும்போதெல்லாம் வீடு முழுக்கக் கொட்டும். கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற ஊரில் இருந்தாலும் மழை ஈரம் விடாது.

6. விளக்கோடு வாங்குவதா, தனியாகவா?

தனியாக வாங்குங்கள். விளக்கு பொருத்தியே வரும் மரத்தில் ஒரு வரிசை போய்விட்டால் மரம் முழுவதும் பாழான மாதிரி ஆகிவிடும். மரம் பத்து வருஷம் நிற்கும், சீரியல் லைட் அவ்வளவு நாள் வராது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மரத்தில் கவனம் தேவை. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், நம் வீட்டில் 230. அங்கிருந்து வந்த விளக்கு மரத்தைப் பின் மாற்றி மட்டும் போட்டுச் செருகினால் அந்த நொடியே போய்விடும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். வளைகுடா நாடுகளிலிருந்து வருவதில் பெரும்பாலும் வோல்ட்டேஜ் பிரச்சினை இருக்காது, பின் மட்டும் மாறும். ஆனாலும் லேபிளைப் படித்துவிட்டே செருகுங்கள்.

இங்கே வாங்கும்போது, நேராக 230 வோல்ட்டில் ஓடும் மலிவு சீரியல் செட்டைத் தவிருங்கள். அதன் வயர் உறை மெலிசு. மரத்துக்குள் இருப்பதெல்லாம் இரும்புக் கம்பி. எங்காவது உறை கிழிந்தால் கரண்ட் மரத்துக்கே வரும். அடாப்டர் வைத்த, குறைந்த வோல்ட்டேஜ் எல்.இ.டி. செட் வாங்குங்கள், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருப்பதைப் பாருங்கள். வயர் பச்சை நிறமாக இருக்கட்டும். கறுப்பு வயரும் கண்ணாடி வயரும் பகலில் மரத்தின் மேல் அப்படியே தெரியும். வெளிச்சத்தின் நிறம், நிஜத்தன்மை வேண்டும் என்றால் வார்ம் ஒயிட், அதாவது இளமஞ்சள் சாயல் உள்ள வெள்ளை. தூய வெள்ளை எல்.இ.டி. பிளாஸ்டிக்கின் பளபளப்பை வெளியே கொண்டுவந்துவிடும்.

எத்தனை பல்பு என்றால், மரத்தின் ஒரு அடி உயரத்துக்கு ஐம்பது முதல் நூறு. ஆறு அடிக்கு 300 முதல் 600.

மெழுகுவர்த்தியைக் குடிலுக்கு முன்னால் ஏற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. மரத்தின் அடியில் குடில் இருந்தால் அங்கே நெருப்பு வேண்டாம். 'தீத்தடுப்பு' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் எரியவே எரியாது என்று நினைக்காதீர்கள். தூங்கப் போகும்போதும் வெளியே கிளம்பும்போதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

7. எவ்வளவு ஆகும், எப்போது வாங்குவது?

நான் விசாரித்த வரையில் விலை ஏறக்குறைய இப்படி இருந்தது. ஆறு அடி சாதாரண பி.வி.சி. மரம் 1,500 முதல் 3,000 ரூபாய். பி.இ. கலந்தது 6,000-இல் தொடங்கி 15,000 வரை. அதே தரத்தில் ஐந்து அடி என்றால் 4,000-லிருந்து பார்க்கலாம். முழு பி.இ. இன்னும் மேலே. இதோடு விளக்குக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, எடுத்து வைக்கும் பைக்கு ஐந்நூறு, ஆயிரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார், பந்து, மரத்தின் அடியில் விரிக்கும் துணி உங்கள் விருப்பம்.

ஒன்பதாயிரம் ரூபாய் மரம் ஒன்பது கிறிஸ்துமஸுக்கு வந்தால் வருஷத்துக்கு ஆயிரம். இரண்டாயிரம் ரூபாய் மரம் இரண்டே வருஷத்தில் உதிர்ந்து போனாலும் கணக்கு அதேதான், ஆனால் அந்த இரண்டு வருஷமும் மரம் சுமார். கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் ஆறு அடி தேடாதீர்கள். நல்ல மூன்று அடி மரத்தை உறுதியான மேசையின் மேல் வைத்து, மேசையைத் துணியால் மூடுங்கள். கண் மட்டத்தில் நிற்கும், பார்ப்பவருக்கு நுனிதான் தெரியும்.

காலம் பற்றி. திருவருகைக் காலம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. அன்றைக்கு மரம் நிற்க வேண்டும் என்றால் நவம்பர் முதல் வாரத்தில் ஆர்டர் போட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையே வெள்ளத்தில் நின்றது, கடைசி நேரத்தில் ஆர்டர் போடுபவர்கள் இப்படி ஒரு வாரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். பெரிய அட்டைப்பெட்டி மழையில் நனைந்து வந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், அதையும் பாருங்கள்.

சென்னைக்காரர்கள் பாரிமுனைப் பக்கம் ஒருமுறை போய்வருவது நல்லது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, நாலு மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் இணையத்தில் படத்தைப் பார்த்தே தரம் புரியும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். டிசம்பர் பாதிக்கு மேல் போனால் நல்ல மரம் போய்விட்டிருக்கும், மிச்சத்தைத்தான் காட்டுவார்கள்.

விலை உண்மையிலேயே குறைவது டிசம்பர் 26-க்குப் பிறகுதான். அடுத்த வருஷத்துக்கு இப்போதே வாங்கி வைக்கும் பொறுமை இருந்தால் அதுவே புத்திசாலித்தனம். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. தள்ளுபடியில் வாங்கி, பிரிக்காமல் பரணில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த நவம்பரில் திறந்தால் ஒரு பாகம் குறையும். திருப்பி அனுப்பும் கெடு போய்ப் பத்து மாதம் ஆகியிருக்கும். எப்போது வாங்கினாலும் வந்த அன்றே பிரித்து, முழுதாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

8. பில், லேபிள், வீடியோ

பணம் கட்டும் முன் 'ரிட்டர்ன்' பகுதியைப் படியுங்கள். சிலது ஏழு நாள், சிலது பத்து நாள். சிலதில் மாற்றிக் கொடுப்பார்கள், பணம் திரும்பாது. பண்டிகைப் பொருள் என்று சொல்லித் திரும்ப எடுக்காதவர்களும் உண்டு. ஒரே தளத்தில், ஒரே மாதிரி மரத்துக்கு, விற்பவரைப் பொறுத்து இது மாறும்.

ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேட்டு வாங்குங்கள். "பில் இல்லாம நானூறு குறைச்சுக்கறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நானூறுக்காகத் திருப்பிக் கேட்கும் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெட்டியின் லேபிளில் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயர் முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருஷம் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளை இங்கே பெட்டியில் விற்க இவை சட்டப்படி கட்டாயம். லேபிளையும் பில்லையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கடை பில்லின் மை ஆறு மாதத்தில் மங்கிவிடும்.

இணையத்தில் வந்த பெட்டி என்றால் ஒட்டிய டேப்பை வெட்டுவதிலிருந்து கடைசிப் பாகத்தை வெளியே எடுக்கும்வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பாகம் குறைகிறது, கிளை உடைந்திருக்கிறது என்றால் அதுதான் சாட்சி. விற்பவர் மசியவில்லை என்றால் 1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. ஆர்டர் எண், பில், நீங்கள் அனுப்பிய புகாரின் தேதி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

9. விரித்துவிடுவதில்தான் மரம் பிறக்கிறது

நல்ல மரத்தையும் சுமாராகக் காட்டுவது அவசரம். பெட்டிக்குள் மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த நுனிகள் கிளையோடு ஒட்டியே வரும். ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். ஆறு அடி மரத்துக்கு முதல் தடவை ஒருவருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கம்பி முனை விரலைக் கீறும்.

கீழ்ப் பாகத்தை மட்டும் முதலில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அதை முழுதாக விரித்த பிறகுதான் அடுத்த பாகத்தைச் செருக வேண்டும். ஒரு கிளையை எடுத்துக்கொண்டால் தண்டை ஒட்டிய உள்நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒன்றை மேலே, ஒன்றை இடது, ஒன்றை வலது, ஒன்றைக் கீழே சாய்த்து என்று விட்டுக்கொண்டே வெளியே வாருங்கள். பலரும் எல்லா நுனியையும் விசிறி விரித்தாற்போல் ஒரே தளத்தில் பரப்பிவிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் சரியாக இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் தட்டுத் தட்டாகத் தெரியும். நிஜ மரத்தில் கீழ்க்கிளைகள் பாரத்தில் சற்றுத் தாழ்ந்தும், உச்சிக்கிளைகள் மேல்நோக்கியும் இருக்கும். அப்படியே வளையுங்கள். ஒன்றிரண்டு கிளை ஒழுங்கில்லாமல் நீட்டிக்கொண்டு இருந்தாலும் விட்டுவிடுங்கள், அதுதான் நிஜம்.

ஒரு பாகம் முடிந்ததும் நாலடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சுவர் எங்கே வெளிச்சமாகத் தெரிகிறதோ அங்கே ஓட்டை. பக்கத்து நுனியைத் திருப்பி அடையுங்கள். மரத்தில் இடம் மிகவும் காலியாக இருந்தால் தண்டை ஒட்டிப் பச்சைத் தோரணம் ஒன்றைச் சுற்றிவிடலாம்.

அப்புறம் விளக்கு. அதைத் தண்டிலிருந்து கிளையின் நுனிக்குப் போய், திரும்பத் தண்டுக்கு வரும்படி சுற்றுங்கள். வெளியே மட்டும் வளையமாகச் சுற்றினால் மரம் கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிடும், உள்ளே இருட்டாகவும் இருக்கும். உள்ளே எரியும் வெளிச்சம்தான் மரத்துக்கு ஆழம் தருகிறது. கடைசியில்தான் பந்தும் மணியும். கனமானதைக் கிளையின் உட்புறத்தில், லேசானதை நுனியில் தொங்கவிடுங்கள்.

10. எடுத்து வைப்பதும், கழிப்பதும்

ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாள் முடிந்ததும் இறக்கலாம். உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தூசி தட்டுங்கள். அழுக்கு இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்க நிழலில் காய விடுங்கள். ஈரத்தோடு மூடினால் கீலில் துரு, நுனியில் பூஞ்சை. வந்த அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள். கரப்பானும் எலியும் அட்டையைத்தான் முதலில் தேடும். ஜிப் வைத்த தார்ப்பாய்ப் பையில், ஒவ்வொரு பாகத்தையும் துணிக்கயிற்றால் தளர்வாகக் கட்டி வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போடுங்கள். அந்துருண்டை போடுவதானால் துணியில் முடிந்து, பிளாஸ்டிக்கில் நேராகப் படாமல் வையுங்கள்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் மே மாதத்தில் கொதிக்கும். அந்தச் சூட்டில் பி.வி.சி. நுனிகள் அமுங்கின இடத்திலேயே நிரந்தரமாக வளைந்து நின்றுவிடும். கட்டிலுக்கு அடியில் இடம் இருந்தால் அங்கே வையுங்கள். ஸ்டாண்டின் திருகுகளை ஒரு சின்னப் பையில் போட்டு, ஸ்டாண்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

மரம் பழசாகி மாற்றும் நாள் வந்தால், ஜனவரி நடுவில் வரும் போகியில் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டயாக்சின் நச்சும் வெளியேறும், தெருவில் விளையாடும் பிள்ளைகள்தான் அதை மூச்சில் இழுப்பார்கள். நிற்கும் நிலையில் இருந்தால் ஞாயிறு பள்ளிக்கோ பக்கத்து அங்கன்வாடிக்கோ கேட்டுக் கொடுங்கள். உதிரும் நிலையில் இருந்தால் ஸ்டாண்டையும் தண்டையும் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போடலாம். நல்ல நுனிகளைக் கத்தரித்து வையுங்கள், அடுத்த வருஷம் குடிலுக்குப் பின்னால் செருக ஆகும்.